உம்மாவின் நாரி வலி: ஆணுக்கும் பெண்ணுக்கும் முள்ளந்தண்டு ஒரே விதமாகத் தேய்வதில்லை

எமது ஊர்ப் பள்ளிவாசலில் முன்பு சுவரோரமாக இரண்டு மூன்று கதிரைகள்தான் இருந்தனவாம். இப்போது ஒரு வரிசையே போட வேண்டியிருக்கிறது என்று வீட்டு ஆண்கள் சொல்கிறார்கள். சிலருக்கு முழங்கால் வலி, பலருக்கு நாரி வலி. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த என் மகன், "உம்மா, இண்டைக்குக் கதிரையில பதினொரு பேர்" என்று எண்ணிச் சொன்னான். அவன் அதைச் சொல்லும்போது அவனுடைய உம்மும்மா, அதாவது என் தாய், பக்கத்து அறையில் கட்டில் விளிம்பில் அமர்ந்து தொழுதுகொண்டிருந்தார். பல வருடங்களாக அப்படித்தான் தொழுகிறார். அவரை யாரும் எண்ணவில்லை. நானும்தான் எண்ணவில்லை.

என் தம்பிக்கு 34 வயதில் நெல் மூட்டை ஒன்றைத் தூக்கும்போது நாரி பிடித்தது. வலி காலுக்கு இறங்கியது. இரண்டு நாட்களுக்குள் வைத்தியர், ஒரு கிழமைக்குள் எம்.ஆர்.ஐ ஸ்கேன், டிஸ்க் விலகியிருக்கிறது என்ற முடிவு, ஒரு மாத ஓய்வு, பார்க்க வந்த சொந்தக்காரர்களின் பிஸ்கட்டும் ஹோர்லிக்ஸும். அதே காலத்தில் உம்மாவும் நாரியைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறையில் நின்றார். அவருக்குக் கிடைத்தது எண்ணெய், பனடோல், பாமசியில் வாங்கிய பெல்ட் ஒன்று, அதோடு "வயசு போனா அப்பிடித்தான்" என்ற வார்த்தை. ஏழு வருடங்கள் கழித்து, உம்மா உயரம் குறைந்துவிட்டார் என்று சாச்சி ஒருவர் சொன்ன பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். முள்ளந்தண்டின் இரண்டு எலும்புகள் நசுங்கி ஒடிந்திருந்தன. எப்போது ஒடிந்தன என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

தம்பியின் வலியும் பொய்யல்ல, உம்மாவின் வலியும் பொய்யல்ல. ஆனால் ஒன்றை நோய் என்றோம், மற்றதை வயது என்றோம். நான் வைத்தியர் அல்ல, விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை. அந்த எக்ஸ்ரேக்குப் பிறகு தேடி வாசித்தவற்றை எமது வீடுகளுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முள்ளந்தண்டும் அதன் மெத்தைகளும்

ஆண்டு 11 மாணவரும் அறிந்த பாடத்திலிருந்து தொடங்குவோம். முள்ளந்தண்டில் அசையக்கூடிய முள்ளென்புகள் 24. கழுத்தில் 7, நெஞ்சறைப் பகுதியில் 12, நாரியில் 5. அதற்குக் கீழே ஒன்றாக இணைந்த திருவென்பும் குயிலலகும். கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கு இடையில் தவிர, மற்றைய முள்ளென்புகளுக்கு இடையில் ஒவ்வொரு மெத்தை உள்ளது. இதையே இடைத்தட்டு என்றும் பேச்சுவழக்கில் டிஸ்க் என்றும் சொல்கிறோம். மொத்தம் 23 டிஸ்க்குகள்.

ஒரு டிஸ்க்கின் நடுவில் கூழ் போன்ற பகுதி உண்டு. இளவயதில் அதில் பெரும்பகுதி நீர். அதைச் சுற்றி நார்களால் ஆன வளையங்கள் பல அடுக்குகளாக இருக்கும். நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் டிஸ்க் அழுத்தப்பட்டு நீரை இழக்கிறது, இரவில் படுக்கும்போது திரும்பவும் உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் நாம் இருக்கும் உயரத்தை விட மாலையில் ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்துவிடுகிறோம். அளவுநாடா இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

டிஸ்க்கின் உட்பகுதிக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டுகள் ஊடாக மெல்ல மெல்லக் கசிந்து வரும் போசணையை நம்பித்தான் அதன் கலங்கள் வாழ்கின்றன. ஆகவே ஒருமுறை பழுதடைந்தால் தோல் ஆறுவதுபோல டிஸ்க் ஆறுவதில்லை. வயது போகப் போக நீர் குறைகிறது, உயரம் குறைகிறது, வெளிவளையத்தில் வெடிப்புகள் விழுகின்றன. இதைத்தான் டிஸ்க் தேய்மானம் என்கிறோம். இது எல்லோருக்கும் வருவது. எப்போது தொடங்கும், எந்த வேகத்தில் போகும் என்பதில்தான் ஆளுக்காள் வேறுபாடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு.

வேலை பாரம்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்யப்பட்ட நீண்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. ஒருவர் பாரம் தூக்கும் தொழிலாளி, மற்றவர் மேசையில் அமர்ந்து எழுதுபவர் என்றிருந்தாலும் இரட்டையரின் டிஸ்க்குகள் பெரும்பாலும் ஒத்திருந்தன. பரம்பரையின் பங்கு தொழிலின் பங்கை விடப் பெரிது என்று தெரியவந்தது. "வாப்பாவுக்கும் இருந்தது" என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

யாருக்கு வலி அதிகம்?

உலக நோய்ச்சுமை பற்றிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாகின. அதன்படி 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடி 90 இலட்சம் பேர் நாரி வலியுடன் வாழ்ந்தனர். 2050 ஆகும்போது இது 84 கோடியைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டுள்ளது. மனிதரை இயங்கவிடாமல் முடக்கும் நோய்களில் முதலிடம் நீரிழிவுக்கோ மனச்சோர்வுக்கோ அல்ல, நாரி வலிக்குத்தான். அந்த ஆய்வு சொல்லும் இன்னொரு விடயம்: எல்லா வயதிலும் ஆண்களை விடப் பெண்களிடமே நாரி வலி அதிகம். வயது கூடும்போது இந்த இடைவெளி விரிகிறது.

எமது ஊர்களில் நாரி வலி என்றவுடன் மூட்டை தூக்குபவர், மேசன், முச்சக்கரவண்டிச் சாரதி, கடலுக்குப் போகிறவர் என்று ஆண்களே கண்முன் வருகிறார்கள். அவர்கள் கஷ்டப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குடம், அரிசி மூட்டை, ஈரத் துணிவாளி, ஒக்கலில் பிள்ளை, தாழ்ந்த அடுப்பு, குனிந்து கூட்டும் வாசல் ஆகியவற்றை நாம் பாரம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. அரபு நாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பிய சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலர் சம்பளத்தோடு நாரி வலியையும் கொண்டுவந்திருப்பார்கள்.

முதலில் ஆண், பிறகு பெண்

டிஸ்க் தேய்மானத்தைப் பொறுத்தவரை கதை இரண்டு பாகமாக இருக்கிறது.

முதல் பாகத்தில் ஆண்கள் முந்துகிறார்கள். 1988இல் வெளியான ஆய்வொன்றில், இறந்தவர்களின் உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட 600 நாரி டிஸ்க்குகள் பரிசோதிக்கப்பட்டன. ஆண்களின் டிஸ்க்குகளில் தேய்மானம் பதின்ம வயதிலேயே தொடங்கியிருந்தது, பெண்களை விட ஏறக்குறைய பத்து வருடம் முந்தி. 50 வயதாகும்போது இரு பாலாரிலும் கிட்டத்தட்ட எல்லா நாரி டிஸ்க்குகளிலும், அதாவது 97 சதவீதத்தில், ஏதோவோர் அளவு தேய்மானம் இருந்தது. ஆண்களின் டிஸ்க்குகள் பெரியவை, உள்ளே உள்ள கலங்களுக்குப் போசணை போய்ச் சேரும் தூரமும் கூட. இளவயதில் தாங்கும் பாரமும் பொதுவாகக் கூட. ஆண்கள் முந்துவதற்கு இவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இரண்டாம் பாகம் மாதவிடாய் நின்ற பிறகு தொடங்குகிறது. 2017இல் சீன ஆய்வாளர்கள் 1,566 பெண்களினதும் 1,382 ஆண்களினதும் நாரி ஸ்கேன்களை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இளவயதில் ஆண்களின் டிஸ்க்குகளே அதிகம் தேய்ந்திருந்தன. மாதவிடாய் நின்ற பெண்களை அதே வயது ஆண்களோடு ஒப்பிட்டபோது நிலைமை தலைகீழாக மாறியிருந்தது, பெண்களின் தேய்மானமே கூடுதல். மாதவிடாய் நின்ற முதல் 15 வருடங்களிலேயே இந்தத் தொடர்பு காணப்பட்டது. ஹொங்கொங்கில் முதியோரிடம் செய்த ஸ்கேன் ஆய்வுகளும் வயதான பெண்களின் டிஸ்க்குகள் வயதான ஆண்களுடையதை விட மோசமாக இருப்பதைக் காட்டின.

ஏன் இப்படி? ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் கருப்பைக்கு மட்டும் உரியதல்ல. டிஸ்க்கின் கலங்களிலும் அதை ஏற்கும் வாங்கிகள் உண்டு. டிஸ்க்கின் நார்ப்பொருளும் நீரைப் பிடித்து வைக்கும் பொருளும் குறையாமல் இருக்க அது உதவுகிறது. ஏறக்குறைய 50 வயதில் மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரஜன் குறைகிறது, அந்தக் காவலும் குறைகிறது. அதே நேரத்தில் எலும்பின் அடர்த்தியும் விழுகிறது, தசையும் மெலிகிறது, பலருக்கு எடையும் கூடுகிறது. எல்லாம் ஒரே காலத்தில் வந்து நாரியில் இறங்குகின்றன.

எனவே 48, 50, 55 வயதுப் பெண் ஒருவர் "முன்பு இல்லாத வலி இப்போது வந்திருக்கிறது" என்று சொன்னால் அது மனப்பிரமையோ வேலைக்குச் சொல்லும் சாட்டோ அல்ல. அவருடைய உடலில் உண்மையிலேயே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது.

ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலியல்ல

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இதை வாசித்துவிட்டு எல்லோரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம்.

எந்த வலியும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. வலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் அது 96 சதவீதம். டிஸ்க் புடைப்பு என்று அறிக்கையில் எழுதப்படுவது 20 வயதினரில் 30 சதவீதம், 80 வயதினரில் 84 சதவீதம். இவர்களில் யாருக்கும் நாரி வலி இல்லை. தலைமயிர் நரைப்பதைப் போல டிஸ்க்கும் நரைக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

மறுபக்கமும் உண்டு. ஸ்கேன் அறிக்கை சுத்தமாக இருந்தும் வலியால் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். தசை, பின்பக்கச் சிறுமூட்டுகள், இடுப்பு மூட்டு, நித்திரையின்மை, மனக்கவலை என்று வலிக்கு வழிகள் பல. ஆகவே அறிக்கையில் "டிஸ்க் தேய்மானம்" என்று கண்டவுடன் வாழ்க்கை முடிந்துவிட்டதாக நினைப்பதும் பிழை. அறிக்கையில் ஒன்றுமில்லை, ஆகவே வலியும் இல்லை என்று மனைவியிடம் சொல்வதும் பிழை. எமது ஊர்களில் முதலாவது பிழை ஆண்களுக்கும் இரண்டாவது பிழை பெண்களுக்கும் அதிகம் நேர்கிறது.

பெண்களிடம் தேட வேண்டிய காரணங்கள்

கர்ப்பமும் பிரசவமும்: கர்ப்ப காலத்தில் ஏறக்குறைய பாதிப் பெண்களுக்காவது நாரியிலோ இடுப்பு வளையத்திலோ வலி வருகிறது. வயிறு முன்னே வளர்வதால் உடலின் பாரமையம் மாறுகிறது, ஹோர்மோன்கள் இணையங்களைத் தளர்த்துகின்றன, வயிற்றுத் தசை விரிகிறது. இதைத் தாங்குவதற்கான ஏற்பாடும் பெண்ணின் உடலிலேயே உண்டு. 2007இல் வெளியான ஆய்வொன்றின்படி, நாரியின் உள்வளைவு ஆண்களில் இரண்டு முள்ளென்புகளிலும் பெண்களில் மூன்றிலும் பரந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலானோருக்கு வலி குறைந்துவிடும். குறையாதவர்களுக்கு வயிறு, இடுப்புத் தசைகளை மீளப் பலப்படுத்தும் பயிற்சி தேவை. நாற்பது நாள் முடிந்தவுடன் எல்லா வேலையையும் தலையில் கட்டுவது அதற்கு மருந்தாகாது.

முதுகில் போட்ட ஊசி: "சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள், அன்றிலிருந்து இந்த வலி" என்று சொல்லாத பெண்கள் குறைவு. ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் நோவு இருக்கலாம். ஆனால் பிரசவ வலியைக் குறைக்க முதுகில் ஊசி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பின்தொடர்ந்து ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகு வலியில் வித்தியாசம் காணப்படவில்லை. ஊசியைக் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பதால் உண்மையான காரணம் தேடப்படாமல் போகிறது என்பதுதான் இதிலுள்ள நட்டம்.

முள்ளென்பு நழுவுதல்: 50 வயதுக்குப் பிறகு டிஸ்க்கும் பின்பக்கச் சிறுமூட்டுகளும் தேய்ந்து, ஒரு முள்ளென்பு அடுத்ததன் மேல் முன்னோக்கி நழுவும் நோய் உண்டு. பெரும்பாலும் நாரியின் நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு இடையில் வரும். ஆண்களை விடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கொஞ்சத் தூரம் நடந்தால் கால்கள் கனத்து வலிக்கும், முன்னே குனிந்தால் அல்லது அமர்ந்தால் சுகமாகும். சந்தைக்குப் போகும் வழியில் அடிக்கடி மதிலில் சாய்ந்து நிற்கும் மாமிமாரை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும்.

எலும்பு நலிவு: உலகளவில் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எலும்பு நலிவினால் எங்காவது முறிவு ஏற்படும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. முள்ளந்தண்டு முறிவுகளில் பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. விழுந்திருக்க வேண்டும் என்றில்லை, ஒரு வாளியைத் தூக்கினாலும் போதும். முதுகு கூனுவது, சட்டை நீண்டுபோனதுபோல் தெரிவது, இளவயது உயரத்தை விட 4 சென்ரிமீற்றருக்கு மேல் குறைவது ஆகியவை அடையாளங்கள். என் உம்மாவுக்கு இந்த மூன்றும் இருந்தன. சட்டையை மடித்துத் தைத்துக் கொடுத்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

வெயில் படாத வாழ்க்கை: வருடம் முழுதும் வெயில் எரிக்கும் நாட்டில் விற்றமின் டி குறைபாடு வருமா என்று கேட்கலாம். வரும். பகல் முழுதும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் இருப்பவர்கள், வெளியே போனால் உடலை முழுதும் மறைப்பவர்கள், கருமையான தோலுள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். கடுமையாகக் குறைந்தால் எலும்பு மென்மையாகி நாரியிலும் இடுப்பிலும் ஆழமான நோவு வரும். ஜன்னல் கண்ணாடி ஊடாக வரும் வெயில் இதற்கு உதவாது. வீட்டு வளவின் மறைவான இடத்தில் கை கால்களில் சிறிது நேரம் வெயில் படும்படி இருப்பது எமது உடைக்கோ நாணத்துக்கோ முரணானதல்ல. நெத்தலி, பால், குரக்கன், எள், கீரை என்பன எலும்புக்குத் தேவையான கல்சியத்தைத் தருபவை.

வயிற்றுக்குள் இருக்கும் காரணங்கள்: கருப்பைக் கட்டி, கருப்பை உட்சுவர் இழையம் வேறிடங்களில் வளரும் நோய், சிறுநீர்த் தொற்று ஆகியவையும் நாரியில் வலியாகத் தெரியலாம். மாதவிடாயோடு சேர்ந்து கூடிக் குறையும் நாரி வலியை எண்ணெய் பூசித் தீர்க்க முடியாது.

ஆண்கள் கவனிக்க வேண்டியவை

டிஸ்க்கின் உட்கூழ் வெளியே பிதுங்கி நரம்பை அழுத்துவது 30 முதல் 50 வயது ஆண்களிடம் அதிகம். நாரியிலிருந்து தொடையின் பின்புறமாகப் பாதம் வரை மின்சாரம்போல வலி ஓடும். பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே குறையும். பிதுங்கிய பகுதியை உடலே மெல்ல உறிஞ்சிவிடுவதும் உண்டு. என் தம்பியும் அப்படித்தான் சுகமானார்.

இரண்டாவது, 45 வயதுக்கு முன் தொடங்கும் அழற்சி வகை. காலையில் எழும்போது அரை மணித்தியாலத்துக்கு மேல் நாரி விறைத்திருக்கும், ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும், இரவின் பின்பாதியில் எழுப்பும். முள்ளந்தண்டின் மூட்டுகளை நாளடைவில் ஒட்டிப் போகச் செய்யும் இந்த நோய் ஆண்களிடம் அதிகம். பெண்களுக்கும் வரும், ஆனால் அவர்களிடம் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. ஆண்களின் நோய் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது சிகரட். புகைத்தல் டிஸ்க்குக்குப் போகும் போசணையைக் குறைக்கிறது. தொழிலில் நாரியை வருத்தும் வேலைமுறைகள், புகைத்தல், அதிக எடை ஆகிய மூன்றுமே நாரி வலியின் சுமையில் ஏறக்குறைய 39 சதவீதத்துக்குக் காரணம் என்று மேலே சொன்ன உலக ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மூன்றுமே மாற்றக்கூடியவை.

என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரி வலிக்கான வழிகாட்டலை 2023 டிசம்பரில் வெளியிட்டது. நோயைப் பற்றிய தெளிவு, உடற்பயிற்சி, சில வகை இயன்மருத்துவம், தேவைப்பட்டால் மனநல உதவி, வைத்தியர் தரும் அழற்சி எதிர்ப்பு மருந்து ஆகியவற்றை அது சிபாரிசு செய்கிறது. நாரியில் கட்டும் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அபின் வகை வலி மாத்திரைகள் ஆகியவற்றை வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. எமது பாமசிகளில் முதலில் விற்பனையாவது அந்தப் பெல்ட்தான். வலி மாத்திரையை வருடக்கணக்கில் தானாக வாங்கி விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மிக எளிய மருந்து நடைதான். 2024இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், நாரி வலியிலிருந்து மீண்ட 701 பேரில் ஒரு பகுதியினருக்குப் படிப்படியாக நடையைக் கூட்டும் திட்டமும் அறிவுரையும் வழங்கப்பட்டன. நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுத்தரமாக 208 நாட்கள் எடுத்தன, மற்றவர்களுக்கு 112 நாட்கள். அந்த ஆய்வில் பங்குபற்றியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எட்டக்கூடிய இலக்கு என்னவென்றால் கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம்.

படுத்த படுக்கையாக இருப்பது டிஸ்க்குக்கு ஓய்வல்ல. அசைவு இருந்தால்தான் அதற்குள் போசணை போகும். பாரம் தூக்கும்போது முழங்காலை மடித்து, பொருளை உடலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அடுப்பையும் கழுவும் இடத்தையும் நின்று வேலை செய்யும் உயரத்துக்கு உயர்த்துவது, நீண்ட பிடியுள்ள தும்புத்தடி வாங்குவது ஆகியவை ஒரு ஸ்கேனின் செலவுக்கு மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலைகள்.

35 வயதைத் தாண்டிய பெண்களுக்காக சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக சுகவனிதையர் கிளினிக் இலவசமாக நடத்தப்படுகிறது. அங்கே போகும்போது நாரி வலியையும், மாதவிடாய் நின்ற வயதையும், உயரம் குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா, ஹோர்மோன் சிகிச்சை பொருந்துமா என்பதெல்லாம் வைத்தியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டியவை.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் ஆணோ பெண்ணோ உடனடியாக வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

- சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் போகாமல் அடைத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போதல். இதற்கு மணித்தியாலக் கணக்கில் சிகிச்சை தேவை. வெட்கப்பட்டு மறைப்பதால் நிரந்தர ஊனம் வரலாம்.
- கால் அல்லது பாதம் பலவீனமடைந்து இழுபடுதல்.
- வலியோடு காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் மெலிதல். முள்ளந்தண்டைக் காசநோயும் தாக்கும்.
- முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி.
- விழுந்த பின், அல்லது நீண்டகாலம் ஸ்டீரொயிட் மருந்து எடுப்பவருக்குச் சிறு அசைவின் பின்னும் திடீரென வரும் கடும் வலி.

கதிரை வரிசைக்கு வெளியே

பள்ளிவாசலில் கதிரை போட்டது நல்ல காரியம். ஒருவரின் வலியைக் கண்டோம், ஏற்பாடு செய்தோம். அதே ஏற்பாடு வீடுகளுக்குள் இருக்கும் பெண்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பாடசாலை மைதானத்தை மாலையில் ஒரு மணித்தியாலம் பெண்கள் நடப்பதற்கென ஒதுக்கலாம். அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் மனம் வைத்தால் அடுத்த கிழமையே தொடங்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் உயரத்தை அளக்க ஓர் அளவுகோலை வைக்கலாம். பயிற்சி சொல்லிக்கொடுக்க ஓர் இயன்மருத்துவரை, முடிந்தால் பெண் ஒருவரை அழைக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதைவிடச் சிறிது. இன்று உங்கள் உம்மாவை, மாமியை, ராத்தாவைக் கதவு நிலையோடு நிறுத்தி உயரத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். எங்கள் வீட்டுக் கதவில் பிள்ளைகள் வளர்ந்த கோடுகள் மேல்நோக்கிப் போகின்றன. உம்மாவின் கோடு ஒன்றுதான் இருக்கிறது. மருந்தும் நடையும் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது, அது இன்னும் கீழே இறங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.